ரத்தம் உறையவில்லையா? துப்பு சொல்லும் பாம்பு விஷமும் யூரியாவும்

தஞ்சாவூர் பக்கம் வயலுக்குப் போய் வந்தவருக்கு ரத்தம் உறையவில்லை என்றால் முதல் சந்தேகம் கண்ணாடி விரியன் மேல்தான். அதன் விஷம் ரத்தத்தில் உள்ள 10-ஆம் காரணியைத் தூண்டிவிட்டு, உறைய வைக்கும் புரதங்களையே தீர்த்துவிடும்.

பாம்பு கடிக்கவில்லை, கல்லீரல் நல்லா இருக்கு, வைட்டமின் கே குறைவும் இல்லை. ஆனாலும் ஆபரேஷனுக்கு முன் எடுத்த பி.டி. டெஸ்ட்டில் நேரம் கூடுதல் என்றால்? நோயாளியின் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து பார்ப்பார்கள். நேரம் சரியானால் ஏதோ ஒரு காரணி குறைவு. பி.டி. மட்டும் நீண்டால் பெரும்பாலும் 7. ஏ.பி.டி.டி.யும் சேர்ந்து நீண்டால் 10, 5, 2 அல்லது ஃபைப்ரினோஜென். இங்கேதான் விரியன் லேபுக்குள் வருது: நீர்த்த விஷம் 7-ஐத் தொடாமல் நேரே 10-ஐத் தூண்டும். அப்பவும் தாமதம் என்றால் பழி 7 மேல் இல்லை. கடைசியில் ஒவ்வொரு காரணியையும் தனித்தனியாக அளந்து உறுதி செய்வார்கள்.

ரிப்போர்ட்டை மட்டும் நம்பவும் முடியாது. 12 குறைந்தால் ஏ.பி.டி.டி. எக்கச்சக்கமாக நீளும், ரத்தம் கசியாது. 1955-ல் இந்தக் குறைபாடு முதலில் விவரிக்கப்பட்டது அமெரிக்க ரயில்வே ஊழியர் ஜான் ஹேகிமேனிடம். 1968-ல் அவர் இறந்ததோ நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து!

13 நேர் எதிர். இரண்டு டெஸ்ட்டும் நார்மல், ஆனால் மூளையில்கூட ரத்தம் கசியலாம். உறைந்த கட்டியை யூரியா கரைசலில் போடுவார்கள். ஆமாம், வயலுக்குப் போடும் அதே யூரியாதான். 13 அறவே இல்லையென்றால் கட்டி கரைந்துவிடும்.

இந்த அரிய குறைபாடுகள் பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வருபவை. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டிய வீடுகளில் வாய்ப்பு கூடுதல். அதனால்தான் டாக்டர் அம்மாவிடம் கேட்கிறார்: "பிறந்தப்போ தொப்புள்ல ரத்தம் நிக்காம கசிஞ்சுதா?"