நனைந்த நாய்க்கு எது போர்வை?

மழையில் நனைந்த தெருநாய் ஒன்று திண்ணையோரம் வந்து ஒதுங்கியதும் முதலில் என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தலையில் தொடங்கி வால் நுனி வரை உடம்பை ஓர் உதறு உதறுகிறது. பக்கத்தில் நிற்பவர் மேலெல்லாம் தண்ணீர் தெறிக்கிறது. "சீ, போ!" என்று விரட்டுகிறோம். நாம் விரட்டும் அந்த உதறலில் நல்ல பௌதிகப் பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாய் உதறாமல் நின்றாலும் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால், உடம்பில் ஏறிய தண்ணீரை எப்படியாவது போக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் வேலை செய்யும் நாய்களும் உலகில் உண்டு.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 'வாஷ்' என்றொரு விரிகுடா இருக்கிறது. ஆழம் குறைந்த இடம். கடல் உள்வாங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் உவர்ப்புல்லும்தான். குளிர்காலத்தில் வடதுருவப் பக்கத்திலிருந்து காட்டு வாத்துகளும் பெருந்தாராக்களும் இங்கே வந்து இறங்குகின்றன. அவற்றைச் சுடுவதற்கு உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள், விடியும் முன்பே வந்து சேற்றுக் கால்வாய்களுக்குள் பதுங்கி உட்காருகிறார்கள். கடலோரச் சேற்று நிலங்களில் இந்த வேட்டைப் பருவம் செப்டம்பர் முதல் தேதி தொடங்கிப் பிப்ரவரி 20 வரை நடக்கிறது. ஜனவரியில் தண்ணீரின் வெப்பநிலை சுமார் 5° செ.தான். காற்றோ கத்தி போல வீசும். வேட்டைக்காரரின் பக்கத்தில் ஒரு நாய் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி வெடித்துப் பறவை விழுந்ததும், உத்தரவு கிடைத்த அடுத்த கணம் தண்ணீரில் பாய்ந்து, நீந்திப் போய், பறவையைப் பல் படாமல் கவ்வி வந்து கையில் கொடுக்கும். இவ்வாறு எடுத்து வரும் நாய்களுக்கு 'ரிட்ரீவர்' என்று பெயர்.

பறவை வேட்டையைப் பற்றி உங்களுக்கு மாறுபட்ட அபிப்பிராயம் இருக்கலாம். எனக்கும் இருக்கிறது. ஆனால், சுடப்பட்ட பறவையைத் தேடி எடுக்காமல் காயத்தோடு விட்டுவிடுவது இன்னும் கொடுமை. ஓடும் நீரிலும் இடுப்பளவு சேற்றிலும் அந்த வேலையை நாயைப் போல வேறு யாரும் செய்துவிட முடியாது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நல்ல ரிட்ரீவர் நாய் 'எனக்குக் குளிர்கிறது, போதும்' என்று தானாக நிறுத்தாது. கால் தடுமாறும் வரையில் அது வேலைக்குத் தயாராகவே நிற்கும். ஆகவே கணக்குப் பார்க்க வேண்டிய பொறுப்பு மனிதனுடையது. அந்தக் கணக்கைத்தான் இப்போது நாம் பார்க்கப் போகிறோம்.

நாயின் உடல் வெப்பநிலை நம்முடையதைவிடக் கொஞ்சம் அதிகம். 38° முதல் 39° செ. வரை. சுற்றிலும் 5° செ. தண்ணீர். இடைவெளி 33 டிகிரி. வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாயும் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. அப்படியானால் தண்ணீரில் குதித்த நாயின் சூடு சில நிமிடங்களிலேயே கரைந்துபோக வேண்டும் அல்லவா? ஏன் போவதில்லை?

லாப்ரடார் நாயின் முதுகில் விரலைவிட்டு மயிரைப் பிரித்துப் பாருங்கள். மேலே நீளமான, முரட்டு மயிர். அதற்கு அடியில், தோலையொட்டி, பஞ்சு போன்ற குட்டை மயிர் நெருக்கமாக வளர்ந்திருக்கும். மேல் மயிரில் தோலின் சுரப்பிகளிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை படிந்திருப்பதால் தண்ணீர் அதில் ஒட்டாமல் வழிகிறது. அடிமயிருக்குள் ஏராளமான காற்று சிறைப்பட்டுக் கிடக்கிறது. அந்தக் காற்றுதான் நாயின் போர்வை. மயிர் அதைப் பிடித்து வைக்கும் கூடு மட்டுமே. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைத் தடவினால் வேறுபாடு உடனே விளங்கும். வெயிலில் ஓடுவதற்கேற்ற குட்டையான வழவழப்பு மயிர். பஞ்சு போன்ற அடிமயிர் கிடையாது.

லாப்ரடாருக்கு இந்த இரட்டைச் சட்டை எங்கிருந்து வந்தது? கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில், பனிக்கட்டி மிதக்கும் கடலில் மீனவர்களுக்கு உதவி செய்த நாய்களின் வம்சம் அது. தூண்டிலிலிருந்து நழுவிய மீனைப் பிடிப்பது, வலைக் கயிற்றைக் கரைக்கு இழுத்து வருவது போன்றவை அவற்றின் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் ஏற்றி வந்த கப்பல்களில் அவை இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. 1903ஆம் ஆண்டில் லாப்ரடார் தனி இனமாக அங்கே அங்கீகாரம் பெற்றது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடா ரிட்ரீவரின் கதையும் இதைப் போன்றதே. 1807இல் மேரிலாந்துக் கரையருகே மூழ்கிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலக் கப்பலிலிருந்து இரண்டு நியூபவுண்ட்லாந்துக் குட்டிகள் காப்பாற்றப்பட்டன. அந்த வம்சம்தான் பின்னாளில் செசபீக் நாயாயிற்று என்கிறார்கள். இதன் மயிரில் எண்ணெய்ப் பசை மிகவும் அதிகம். அதனால்தான் இதை அடிக்கடி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டக் கூடாது என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். (நம் நகரங்களில், மாடி வீட்டில், மின்விசிறிக்கு அடியில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் லாப்ரடாரைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பனிக்கடல்தான் நினைவுக்கு வரும்.)

பாதங்களில் இந்த மயிர்ச் சட்டை இல்லை. ஆனாலும் பனிக்கட்டி மேல் நிற்கும் நாயின் பாதம் எளிதில் உறைந்துபோவதில்லை. 2011இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். பாதத்துக்குச் சூடான இரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிகளைச் சுற்றி, குளிர்ந்த இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள் வலைபோல் அமைந்திருப்பதைக் கண்டார்கள். போகும் இரத்தம் தன் சூட்டை வரும் இரத்தத்துக்கு வழியிலேயே கொடுத்துவிடுகிறது. குளிர்ந்த இரத்தம் அப்படியே உடலுக்குள் போய்ச் சேருவதில்லை.

நீந்தும்போது தசைகள் கடுமையாக வேலை செய்வதால் வெப்பமும் நிறைய உண்டாகிறது. எனவே சிறிது நேர நீச்சலை நல்ல மயிருள்ள நாய் தாங்கிக்கொள்ளும். உண்மையான ஆபத்து கரையேறிய பிறகுதான் ஆரம்பமாகிறது.

கோடையில் மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, ஆவியாவதற்கான வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்று வீசினால் இன்னும் வேகமாகக் குளிரும். தோல்வரை நனைந்து, காற்றில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாய் ஒரு மண்பானைதான்! தசைகள் ஓய்ந்துவிட்டதால் வெப்ப வரவு குறைந்துபோயிற்று. செலவு மட்டும் நிற்கவில்லை.

செலவு எவ்வளவு? உடல் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வேண்டும். 27 கிலோ எடையுள்ள நாயின் மயிரில் அரைக் கிலோ தண்ணீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 500 x 580 = 2,90,000 கலோரி, அதாவது 290 கிலோ கலோரி. அந்த நாயின் ஒரு நாள் உணவு ஏறக்குறைய 1,400 கிலோ கலோரி. அவ்வளவு வெப்பமும் உடம்பிலிருந்தே போகுமானால், தின்றதில் ஐந்தில் ஒரு பங்கு மயிரைக் காயவைக்கவே சரியாகிவிடும். அதுவும் ஒரே ஒரு முறை நனைந்ததற்கு! வேட்டை நாளில் நாய் பல தடவை தண்ணீரில் இறங்குகிறது.

இப்போது உதறலின் அருமை தெரிகிறதா? தண்ணீர் ஆவியாகப் போனால் வெப்பத்தையும் கொண்டுபோகும். தண்ணீராகவே சிதறிப் போனால் அந்தச் செலவு மிச்சம். 2012இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹூவும் அவருடைய குழுவினரும் 16 வகைப் பாலூட்டிகள் உதறுவதை அதிவேகக் காமிராவில் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். மேலே போட்ட கணக்கைப் போன்ற ஒரு மதிப்பீட்டை அவர்களும் தந்திருக்கிறார்கள். நாய் சில விநாடிகளில் மயிரிலுள்ள நீரில் பெரும்பகுதியை உதறிவிடுகிறதாம். லாப்ரடார் விநாடிக்கு நான்கைந்து முறை உடலைச் சுழற்றுகிறது. சுண்டெலியோ சுமார் 30 முறை! ஏன் இந்த வித்தியாசம்? துணி துவைக்கும் இயந்திரத்தின் உலர்த்தி சுழலும்போது தண்ணீர் வெளியே தெறிக்கிறது அல்லவா? உருளையின் ஆரம் சிறிதானால், அதே அளவு விசை கிடைக்க வேகமாகச் சுழல வேண்டும். எலியின் உடம்பு மெல்லிய உருளை. நாயின் தோல் தளர்வாக இருப்பதும் இங்கே பயன்படுகிறது. முதுகெலும்பு திரும்புவதைவிட அதிகமாகத் தோல் திரும்பி வீசுகிறது.

உதறச் சொல்லி உத்தரவிடுவது எது? 2024இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் சுண்டெலிகளின் பிடரியில் எண்ணெய்த் துளிகளை விட்டுப் பார்த்தார்கள். மயிர்க்கால்களைச் சுற்றியுள்ள ஒருவகை மெல்லிய தொடுவுணர் நரம்புகளே உதறலைத் தூண்டுகின்றன என்று கண்டார்கள். அந்த நரம்புச் செய்தியைத் தடுத்தபோது உதறலும் வெகுவாகக் குறைந்தது.

நீங்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள மூன்று மூடி போட்ட தகர டப்பாக்களில் ஒரே அளவு சூடான தண்ணீரை ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், 60° செ. போதும். முதல் டப்பாவை உலர்ந்த கம்பளித் துணியால் சுற்றுங்கள். இரண்டாவதை அதே துணியின் ஈரத் துண்டால் சுற்றுங்கள். மூன்றாவதையும் ஈரத் துணியால் சுற்றி, அதன்மேல் பாலிதீன் உறையை இறுக்கமாகக் கட்டிவிடுங்கள். மூன்றையும் மின்விசிறிக் காற்றில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து, வரைபடம் போடுங்கள். முதல் டப்பா முந்தும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். மூன்றாவது டப்பாவின் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது டப்பாவின் தத்துவத்தை வைத்துத்தான் வேட்டை நாய்களுக்கு ஒரு சட்டை தைக்கிறார்கள். 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் உருவான நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரை நுரைக்க வைத்து, 3 அல்லது 5 மில்லிமீட்டர் தடிப்பில் தகடாக்கி இதைச் செய்கிறார்கள். கடலில் முக்குளிப்பவர்கள் அணிவதும் இதே பொருள்தான். அதனுள் கோடிக்கணக்கான வாயுக் குமிழ்கள் அடைபட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை என்பதால் தண்ணீர் புக முடியாது. அடிமயிரின் காற்று வெளியேறிவிட்டாலும் இந்தக் காற்று வெளியேறாது. சட்டைக்கு அடியில் இருக்கும் ஈரமும் காற்றுப்பட்டு ஆவியாவதில்லை.

அளவுதான் முக்கியம். தளர்ந்த சட்டைக்குள் ஒவ்வொரு முறையும் புதிய குளிர்நீர் புகுந்து வெளியேறும். முட்கிளையில் சிக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. இறுக்கமாக இருந்தால் முன்னங்கால் இடுக்கில் தோலை அறுத்துவிடும். சட்டையைப் போட்டுக்கொண்டு தரையில் நெடுநேரம் ஓடினால் நாய்க்கு எதிர்மாறான தொல்லை வரும். அதற்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டைப் போக்க வேண்டும். ஆகவே ஓட்டம் தொடங்கினால் சட்டையைக் கழற்றிவிட வேண்டும். விலை கொடுத்து வாங்கிவிட்டோமே என்று நாள் முழுவதும் போட்டுவைப்பவர்களைவிட, சட்டையே இல்லாமல் நாயைக் கவனித்துக்கொண்டிருப்பவர்கள் மேல் என்பது என் எண்ணம்.

காசு செலவில்லாத ஏற்பாடுகள்தான் பெரும்பாலும் அதிகப் பலன் தருகின்றன. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் வெள்ளம் சூழ்ந்த காடுகளில் வாத்து வேட்டை நடக்கும். அங்கே மரத்தோடு ஒரு சிறு மேடையைக் கட்டி நாயைத் தண்ணீருக்கு மேலே உட்கார வைக்கிறார்கள். காற்று வரும் பக்கத்தில் ஒரு மறைப்பு. அடியில் கொஞ்சம் வைக்கோல். பறவையைக் கொடுத்த உடனே உதறிக்கொள்ள அவகாசம். பந்தயங்களில், பறவையைக் கொடுக்கும் வரை உதறாமல் அடக்கிக்கொள்ள நாயைப் பழக்குவார்கள். குளிரில் அதன் பிறகும் 'அசையாதே' என்று அதட்டுவது முட்டாள்தனம். வேலை முடிந்ததும் துவாலைத் துணியில் தைத்த மேலங்கியைப் போர்த்துகிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. இங்கும் தண்ணீர் தண்ணீராகவே போகிறது, பாருங்கள்.

நாய் நடுங்குகிறதென்றால் தசைகள் வெப்பம் உண்டாக்க முயல்கின்றன என்று பொருள். அப்போதே வேலையை நிறுத்திவிட வேண்டும். உடல் சூடு 37° செ.க்குக் கீழே இறங்குவது எச்சரிக்கை. நாய் மந்தமாகிறது, கூப்பிட்டால் தாமதித்து வருகிறது, கால் தடுமாறுகிறது. இன்னும் இறங்கி 32° செ.க்கும் கீழே போகும்போது நடுக்கம் நின்றுவிடுகிறது. உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்றால், 'சரியாகிவிட்டது' என்று நினைப்பவர் நாயை இழந்துவிடுவார். காற்றுப்படாத இடத்துக்குத் தூக்கிப்போய், ஈரத்தை ஒற்றியெடுத்து, கம்பளியால் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளை மார்புப் பக்கம் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். நெருப்பருகே கிடத்தக் கூடாது. மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது. ஒரு வாய் பிராந்தி ஊற்றினால் சூடு வரும் என்பது பழைய நம்பிக்கை. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்துவிடும். உள்ளே மிச்சமிருக்கும் சூடும் வெளியே போய்விடும். போதாக்குறைக்கு, அது நாய்க்கு நஞ்சு.

இவ்வளவும் செய்த பிறகும் சில நாய்கள் மறுநாள் காலையில் வாலைத் தூக்க முடியாமல் நிற்கும். அடிவால் சிறிது நீட்டி நிற்க, மற்றது கயிறுபோலத் தொங்கும். தொட்டால் வலிக்கும். இதற்குக் 'குளிர்வால்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தார் லாப்ரடார்களை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நீந்தும் நாய்களிலும், வேட்டை வேலை செய்யும் நாய்களிலும், நாட்டின் குளிர் மிகுந்த வடபகுதியில் வாழும் நாய்களிலும் இது அதிகம் என்று தெரிந்தது. எலும்பு முறிவல்ல, வாலடித் தசைகளில் ஏற்படும் பாதிப்பு. பெரும்பாலும் சில நாள் ஓய்வில் தானே சரியாகிவிடும். வால் மறுபடி ஆடும் வரையில் நாயைத் தண்ணீர்ப் பக்கம் விடமாட்டார்கள்.