இலை உதிரும், மரம் மொட்டையாகாது

மார்ச் வெயிலில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள். சாலைக் கடைத்தெருவின் ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் தென்னையும் மாவும் பலாவும் பச்சையாகவே நிற்கும். அதே வாரம் ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போனால் தேக்கும் வாகையும் இலையில்லாமல் நிற்பதைக் காணலாம். திருவனந்தபுரத்தை ‘எவர்கிரீன் சிட்டி’ என்பார்கள். காந்தி வைத்த பெயர் என்று ஊரில் சொல்வதுண்டு.

‘எவர்கிரீன்’ என்றதும் இலையே உதிராத மரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பலா நிற்கும் வீட்டில் தினமும் காலையில் முற்றம் பெருக்குகிறவரைக் கேட்டால் தெரியும். இலை வருஷம் முழுக்க விழுந்துகொண்டுதான் இருக்கும். ஒரேயடியாக விழாது, அவ்வளவுதான். பழைய இலை போகும் முன்பே புதிய இலை வந்துவிடுவதால் மரம் ஒருநாளும் மொட்டையாவதில்லை.

தென்னையில் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும். நல்ல மரத்தில் மாதம் ஒரு ஓலை விரியும், அடியில் ஒரு ஓலை பழுத்து விழும். முடியில் எப்போதும் 30, 40 ஓலை இருக்கும். அப்படியென்றால் ஒரு ஓலையின் ஆயுள் ஏறக்குறைய மூன்று வருஷம். மாமரம் இதைக் கிளை கிளையாகச் செய்கிறது. ஒரு கிளை செம்பு நிறத்தில் தளிர்த்திருக்கும், பக்கத்துக் கிளை கரும்பச்சையாய் முற்றியிருக்கும்.

ஏன் சில மரம் மொத்தமாக உதிர்க்கிறது, சில மரம் உதிர்ப்பதில்லை? எல்லாம் தண்ணீர்க் கணக்கு. இலை உணவு சமைக்கிறது, ஆனால் அதன் நுண்துளைகள் வழியே நீரும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. நாலைந்து மாதம் மழையில்லாத ஊரில் இலையை வைத்துக்கொள்வது மரத்துக்கு நஷ்டம். உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது லாபம். திருவனந்தபுரத்துக்கு அந்த அவசியம் குறைவு. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர். நெல்லைச் சமவெளியில் பெய்வது இதில் பாதிகூட இல்லை.

ஆனாலும் நகரத்துப் பச்சையை மட்டும் பார்த்து இதுதான் பசுமைமாறாக் காடு என்று நினைத்துவிடக் கூடாது. அது கிழக்கே, 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலையைச் சுற்றி இருக்கிறது. மலையின் தமிழ்நாட்டுப் பக்கம், களக்காடு முண்டந்துறையின் மேட்டுக் காடுகளில், வெடிப்பலா மரங்கள் நெருங்கி நிற்கின்றன. சோலைமந்திகளுக்கு அவைதான் முக்கியச் சாப்பாடு. அங்கே உச்சிவேளையிலும் தரையில் வெயில் விழாது. தாமிரபரணி பிறப்பதும் இந்த மலையில்தான். நெல்லையின் வயலுக்கு நீர் தருவது இந்தக் காட்டின் பச்சை என்பதை நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

குளிர் நாட்டு ஊசியிலை மரங்களும் பசுமை மாறாதவைதான், ஆனால் காரணம் வேறு. வளம் குறைந்த மண்ணில் வருஷாவருஷம் புதிய இலை செய்ய அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் மெழுகு பூசிய கெட்டி இலையைப் பல வருஷம் காப்பாற்றுகின்றன. நிஜமாகவே இலையை மாற்றாத செடி என்றால் ஆப்பிரிக்காவின் நமீப் பாலையில் வளரும் வெல்விச்சியாதான். ஆயிரம் வருஷம் வாழ்ந்தாலும் அதே இரண்டு இலைகள். நுனி கிழிந்துபோகும், அடி வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று திருவனந்தபுரம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. அனந்தன்காட்டில் ஓர் இலுப்பை மரம் சாய்ந்து பத்மநாபசுவாமியாகக் காட்சி தந்தது என்பது தலபுராணம். இலுப்பை பசுமைமாறா மரமில்லை. மாசி, பங்குனியில் இலை உதிர்த்துவிட்டுத்தான் பூக்கும்.

சொல் மரத்தோடு நிற்கவில்லை. வடமொழி வழியில் மலையாளிகள் ‘நித்யஹரிதம்’ என்கிறார்கள். இந்த மாவட்டத்துச் சிறயின்கீழில் 1926-இல் பிறந்து, 1989-இல் சென்னையில் காலமான நடிகர் பிரேம் நசீர், மலையாளிகளுக்கு ‘நித்யஹரித நாயகன்’. நாமோ பழைய பாட்டுக்கு ‘எவர்கிரீன்’ என்கிறோம். மங்காத பாத்திரத்துக்கு ‘எவர்சில்வர்’ என்று பெயர் வைத்ததும் அதே ‘எவர்’தான். பாட்டுக்கு இந்தச் சொல் பொருந்துகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக யாராவது பாடுவதால்தான் அது பச்சையாக இருக்கிறது.

பொருந்தாத இடமும் உண்டு. திருப்பிக் கட்ட முடியாதவருக்குப் புதுக் கடன் கொடுத்து, அதில் பழைய கடனை அடைத்ததாகக் கணக்குக் காட்டுவதை வங்கித் துறையில் ‘எவர்கிரீனிங்’ என்பார்கள். மருந்துக் காப்புரிமையிலும் இந்தப் பேச்சு உண்டு. பழைய மருந்தைச் சற்றே மாற்றி, உரிமைக் காலத்தை நீட்டிக்கொள்ளும் முயற்சிக்கு அந்தப் பெயர். இதைத் தடுக்கத்தான் 2005-இல் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு இப்போதைய வடிவத்துக்கு வந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட உரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. அந்தப் பிரிவையே எதிர்த்த வழக்கை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் உரிமை தர மறுத்தது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்பட்ட அந்த மருந்தை, இந்திய நிறுவனங்கள் பத்தாயிரம் ரூபாய்க்குள் தொடர்ந்து விற்க முடிந்தது.