ஜாக்கி சான்: வீரமும் விலையும்

ஜாக்கி சானின் படம் முடிந்த பிறகும் பார்வையாளர்கள் இருக்கையைவிட்டு எழுவதில்லை. கலைஞர்களின் பெயர்கள் ஓடும்போதே படப்பிடிப்பில் தவறிப்போன காட்சிகளும் திரையில் வரும். தாவும்போது கால் பிசகி விழுகிறார். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். உடன் நடித்தவரை நாலைந்து பேர் தூக்கிச் செல்கிறார்கள். அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு எனக்குச் சில ஆண்டுகளாக உறுத்தலாகவே இருக்கிறது. ஒரு மனிதனின் உடல் நொறுங்குவதை வீரம் என்று கொண்டாடும் நாம், அந்த உடல் எப்படி உருவாக்கப்பட்டது என்று கேட்பதே இல்லை.

1954-இல் ஹாங்காங்கில் பிறந்தவர் சான் காங்-சாங். தந்தை பிரெஞ்சுத் தூதரக அதிகாரியின் வீட்டில் சமையல்காரர். தாய் அதே வீட்டில் பணிப்பெண். பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் வேலை அமைந்தபோது, சிறுவன் யூ ஜிம்-யூன் என்பவர் நடத்திய சீன ஓபரா பள்ளியில் பத்தாண்டு ஒப்பந்தத்தில் விடப்பட்டான். நம் பழைய நாடகக் கம்பெனிகளை நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும். உணவும் இருப்பிடமும் ஆசிரியரின் பொறுப்பு. மாணவன் மேடையில் ஈட்டும் பணமும் ஆசிரியருக்கே. விடியுமுன் தொடங்கும் பயிற்சி இரவுவரை நீளும். தலைகீழாக நிற்பது, குட்டிக்கரணம், வாள், பாட்டு எல்லாம் உண்டு, தவறினால் பிரம்படி. பிற்காலத்தில் ஹாங்காங் சண்டைப் படங்களையே மாற்றியமைத்த சாமோ ஹங்கும் யூன் பியாவும் அதே கூரையின் கீழ் வளர்ந்தவர்கள். அந்தப் பள்ளியை மேதைகளின் பிறப்பிடம் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது முதலில் குழந்தை உழைப்பாகவே தெரிகிறது. ஏட்டுக்கல்வி அங்கே பெயரளவில்தான் இருந்தது. எழுதப் படிக்கத் தடுமாறியதைப் பற்றி ஜாக்கி பின்னாளில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தபோது ஓபராவுக்கு மவுசு குறைந்திருந்தது. கற்ற கலைக்கு மிஞ்சியிருந்த சந்தை சினிமா ஒன்றுதான். அடி வாங்கி விழும் கூட்டத்தில் ஒருவராகச் சேர்ந்தார். புரூஸ் லீயின் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’, ‘என்டர் தி டிராகன்’ ஆகிய படங்களில் அவர் அப்படித்தான் தலைகாட்டினார். வாய்ப்புகள் வறண்டதும் கான்பெராவுக்குப் போய்க் கட்டட வேலை செய்தார். ‘ஜாக்கி’ என்ற பெயர்கூட அங்கே உடன் வேலை செய்தவர்கள் அழைத்த ‘ஜாக்’ என்பதிலிருந்து வந்ததுதான்.

1976-இல் இயக்குநர் லோ வெய் அவரை இன்னொரு புரூஸ் லீயாக வார்க்க முயன்றார். அந்தப் படங்கள் எடுபடவில்லை, எடுபட்டிருக்கவும் முடியாது. புரூஸ் லீ அடிப்பவர். ஜாக்கி அடி வாங்கத் தெரிந்தவர். 1978-இல் யூன் வூ-பிங் இயக்கத்தில் வந்த ‘ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’, ‘ட்ரங்கன் மாஸ்டர்’ ஆகிய இரு படங்களும் அந்த வேறுபாட்டையே மூலதனமாக்கின. குத்திய கை வலித்து உதறுகிற, பயந்து ஓடுகிற, நாற்காலியையும் ஏணியையும் கொண்டு சமாளிக்கிற நாயகன் பிறந்தான். பஸ்டர் கீட்டன், ஹெரால்டு லாயிட் போன்ற மௌனப்படக் கலைஞர்களிடம் கற்ற பாடமும் பின்னர் அதில் சேர்ந்தது. கேமரா தள்ளி நின்று முழு உடலையும் காட்டும்; ஒரு தாவலைத் துண்டு துண்டாக வெட்டி ஏமாற்றாது.

இந்த நேர்மைக்கு ஒரு விலை இருந்தது. ‘புராஜெக்ட் ஏ’ (1983) படத்தில் மணிக்கூண்டின் உச்சியிலிருந்து துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு விழ வேண்டும். நாள்கணக்கில் தயங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். ‘போலீஸ் ஸ்டோரி’யில் (1985) வண்ண விளக்குகள் சுற்றிய கம்பத்தில் சறுக்கி இறங்கியபோது உள்ளங்கைகள் வெந்தன; இடுப்பெலும்பும் முதுகும் அடிபட்டன. ஆனால் உயிருக்கே உலைவைத்தது இவற்றைவிடச் சாதாரணமான ஒரு காட்சி. யூகோஸ்லாவியாவில் ‘ஆர்மர் ஆஃப் காட்’ (1986) படப்பிடிப்பு. மரத்தை நோக்கி ஒரு தாவல். முதல்முறை சரியாகவே அமைந்தது. மனநிறைவின்றி மறுபடி தாவினார். பிடி நழுவித் தரையில் விழுந்ததில் மண்டையோடு உடைந்தது. அறுவைச் சிகிச்சையில் பிழைத்தார்; ஒரு காதின் கேட்கும் திறன் குறைந்துபோனது.

ரசிகர்கள் இந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்கள் பெயரறியாத பட்டியல் ஒன்றும் உண்டு. ஒரே காட்சியில் பத்துப் பேர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தால், அவர்களில் ஒருவர்தான் ஜாக்கி. மற்றவர்கள் அவர் திரட்டிய சண்டைக் குழுவினர். சில ஆபத்தான காட்சிகளில் அவருக்குப் பதிலாக நடித்ததும் அவர்களே. எல்லாவற்றையும் தாமே செய்கிறார் என்ற விளம்பரம் முழு உண்மையல்ல. காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்காத அந்தக் குழுவினரின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்றதாக ஜாக்கி கூறியிருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் ஒரு தொழிலின் பாதுகாப்பு நட்சத்திரத்தின் பெருந்தன்மையில் தொங்குவது நல்ல ஏற்பாடல்ல.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. திருமணத்தைப் பல ஆண்டுகள் மறைத்தது, குடும்பத்துக்கு நேரம் தராதது, மது, முன்கோபம் ஆகியவற்றைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். சீனர்களுக்குக் கட்டுப்பாடு தேவை என்று 2009-இல் பேசி, சொந்த ஊரான ஹாங்காங்கிலேயே கடும் கண்டனத்துக்கு உள்ளானார். அடித்து வளர்க்கப்பட்டவருக்குக் கட்டுப்பாட்டின் மீது இத்தனை நம்பிக்கை இருப்பதில் எனக்கு வியப்பில்லை, உடன்பாடும் இல்லை.

அமெரிக்காவை அவர் வென்றது தாமதமாகத்தான். 1980-இல் எடுத்த முதல் முயற்சி தோற்றது. ‘ரஷ் ஹவர்’ வந்தது 1998-இல், அவருடைய 44-ஆம் வயதில். அந்தத் தொடக்ககாலத் தோல்விகளுக்கிடையே ஒரு பயன் கிடைத்தது. ‘தி கேனன்பால் ரன்’ (1981) படத்தின் முடிவில் தவறிய காட்சிகளைக் காட்டியிருந்தார்கள். அதன் இயக்குநர் ஹால் நீதம் முன்னாள் சண்டைக் கலைஞர். அந்த உத்தியை ஜாக்கி ஹாங்காங்குக்கு எடுத்துச் சென்றார். நீதம் படத்தில் வசனம் தடுமாறியதுதான் வேடிக்கை. ஜாக்கி படத்தில் இரத்தம் வந்தது.

2008-இல் ‘தசாவதாரம்’ பாடல் வெளியீட்டுக்கு அவர் சென்னை வந்தபோது கிடைத்த வரவேற்பு, இங்கே அவருக்கு இருக்கும் இடத்தைக் காட்டியது. அதே தமிழ்நாட்டில், 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பின்போது, கார் கவிழும் காட்சியில் நடித்த சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். சில நாள்கள் இரங்கல் அறிக்கைகள் வந்தன.

ஆஸ்கர் அகாதெமி 2016-இல் ஜாக்கிக்குக் கௌரவ விருது அளித்தது. சண்டைக் காட்சி வடிவமைப்புக்கெனத் தனி விருது வழங்க அது முடிவு செய்தது 2025-இல்தான். 2027-இல் வெளியாகும் படங்களுக்கு, 2028 விழாவில் முதன்முறையாக அளிக்கப்படும். ஹாங்காங்கில் இதற்கென விருது 1980-களிலேயே வந்துவிட்டது. அடிபட்டவர்கள் அங்கே கண்ணெதிரே இருந்தார்கள்.