அடி அளந்து அமைத்த அடுக்களை

புதுமனை புகுவிழாவுக்குச் சென்று மீள்வோர், இந்நாளில், அவ்வீட்டின் முன்மண்டபத்தைப் பற்றிப் பேசுவதிலும் சமையலறையைப் பற்றிப் பேசுவதே மிகுதி. வந்தவரைக் கையோடு அழைத்துச் சென்று, "இதுதான் எங்கடை பான்ட்ரி" என்று காட்டும் வழக்கம் கொழும்பில் மட்டுமன்றி யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலும் வேரூன்றிவிட்டது. முன்னாளில் வீட்டின் பின்புறத்தே ஒதுங்கி, புகை படிந்து, அயலார் கண்ணுக்கு மறைந்து கிடந்த குசினி இன்று வீட்டின் முகமாகவே மாறிவிட்டது எனலாம். (குசினி என்ற சொல்லும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றதே. அன்று சொல்லைப் பெற்றோம். இன்று அறையையே பெறுகின்றோம்.) சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை இடைவெளியின்றிப் பொருந்திய பெட்டகங்கள், விரல் பட்டதும் ஓசையின்றி உள்வாங்கும் இழுப்பறைகள், முகம் பார்க்கத்தக்க கருங்கல் மேடை. இவற்றைக் கண்டு மகிழாதார் யார்? நாமும் மகிழ்ந்தோம்.

எனினும், சென்ற ஆண்டு நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தின் வீட்டில் நாம் கண்ட காட்சி நம்மைச் சிந்திக்க வைத்தது. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்திற் கட்டிய வீடு அது. பான்ட்ரி பளபளவென்று இருந்தது. ஆனால் வீட்டின் தாயாரோ, கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டிலில், மூன்று கற்களை வைத்து விறகு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டோம். "பாக்க வடிவாத்தான் கிடக்கு, தம்பி. அதிலை நிண்டு சமைச்சாத் தோள்மூட்டு விட்டுப்போகுது" என்றார். பல இலட்சம் ரூபா செலவிட்டு அமைத்த அறை, யாருக்காக அமைத்தார்களோ அவருக்கே பயன்படவில்லை. இக்குறை அவ்வொரு வீட்டோடு நிற்பதன்று என்பதைப் பின்னர் பல வீடுகளிற் கண்டோம்.

அவ்வம்மையாரின் தோள்வலிக்குக் காரணம் தேடப் புகுந்தால், நாம் ஜேர்மனி வரை செல்ல வேண்டியிருக்கிறது. இன்று நாம் பான்ட்ரி என்று அழைக்கும் அலகுச் சமையலறையின் பிறப்பிடம் அதுவே.

முதலாம் உலகப் போரின் பின்னர் அந்நாட்டு நகரங்களில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. பிராங்க்பேட் நகர நிருவாகம் தொழிலாளர் குடும்பங்களுக்கெனக் குறைந்த செலவிற் பெருந்தொகையான வீடுகளைக் கட்ட முற்பட்டது. அவ்வேலைக்குத் தலைமை தாங்கிய கட்டடக் கலைஞர் ஏர்ன்ஸ்ட் மே என்பார், வியன்னாவிலிருந்து ஓர் இளம் பெண்ணைத் தம் குழுவிற்கு அழைத்துக்கொண்டார். பின்னாளில் மார்கரேட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என உலகறிந்த அம்மையார் அவரே. 1897 இற் பிறந்த அவர், ஆஸ்திரியாவிற் கட்டடக் கலை பயின்ற முதற் பெண்களுள் ஒருவர். வீடுகள் சிறியன; சமையலறைக்கெனக் கிடைத்த இடமோ மிகச் சிறிது. ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட அச்சிற்றறைக்குள், ஒரு பெண் களைப்பின்றி வேலை செய்யும் வகையை அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நம் கணக்கில் அஃது 70 சதுர அடி.

அவர் வண்ணப் படங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கடிகாரத்தைக் கையில் எடுத்தார். ஒரு வேலைக்கு எத்தனை விநாடி, எத்தனை அடி நடை, எத்தனை முறை குனிதல் நிமிர்தல் என்று கணக்கிட்டார். புகைவண்டிகளின் உணவுப் பெட்டியில், கைநீட்டும் தூரத்துக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, நெருங்கிய இடத்தில் நூற்றுக்கணக்கானோர்க்குச் சமைக்கும் திறத்தை நுணுகி ஆராய்ந்தார். 1926 இல் அவர் வகுத்த அமைப்பே 'பிராங்க்பேட் சமையலறை' எனப் பெயர் பெற்றது. அந்நகரில் மட்டும் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அதனை அமைத்தனர்.

அதிற் காணப்பட்ட நுட்பங்களை இன்று படிக்கும்போதும் வியப்பே மேலிடுகின்றது. அரிசி, சீனி முதலியவற்றுக்கு அலுமினியத்தாற் செய்து பெயர் பொறித்த சிறு இழுப்பறைகள். பிடியைப் பற்றித் தூக்கி அவ்வாறே பாத்திரத்துள் ஊற்றலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி. அம்மரத்திற் புழு அண்டாது. வெட்டும் பலகை, கறை எளிதில் ஏறாத பீச் மரத்தில். பலகைக்கு அருகிலேயே காய்கறிக் கழிவைத் தள்ளுவதற்கு ஓர் இழுப்பறை. சாளரத்தருகே, இருந்தவாறு வேலை செய்யச் சுழலும் முக்காலி. விளக்குங்கூட ஒரே இடத்தில் நில்லாது, கூரையிற் பொருத்திய தண்டவாளத்தில் வேண்டிய பக்கம் நகர்ந்து செல்லும். ஈக்கள் நீல நிறத்தை விரும்பா என்ற கருத்தினால் பெட்டகங்களுக்கு நீல வண்ணம் தீட்டினர்! கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே தள்ளுகதவு. அதனைத் திறந்து வைத்தால், சமைத்துக்கொண்டே பிள்ளைகளைக் கவனிக்கலாம்.

குறையும் இருந்தது. ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய இடமில்லை. பெண்ணைத் தனியே அறையில் அடைத்துவிட்டார் என்று பிற்காலத்தார் பழித்ததும் உண்டு. அப்பழியை நாம் முற்றாக ஒப்புக்கொள்ளோம்; அவர் குறைக்க முயன்றது வேலை நேரத்தை. இன்னொரு வேடிக்கை: அச்சமையலறையை வகுக்குமுன் தாம் வீட்டு நிருவாகமோ சமையலோ அறியாதவர் என்று அவரே பின்னாளிற் சொன்னார். தெரியாததனாலேயே அளந்து பார்த்தார் போலும். 1941 இல், நாஸிகளை எதிர்த்தமைக்காகச் சிறைப்பட்டு, போர் முடியும்வரை உள்ளிருந்து, பின் நெடுங்காலம் வாழ்ந்து, 2000 ஆம் ஆண்டில், தமது 103 ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் இருக்கையில் மறைந்தார். உலகம் அவரை அந்தச் சிற்றறையோடு மட்டுமே சேர்த்துப் பேசியது அவருக்கு மனக்குறையாகவே இருந்தது.

அவர்க்கு முன்னோடிகள் அமெரிக்காவில் இருந்தனர். கிறிஸ்டின் பிரெடெரிக் என்பார் தொழிற்சாலைகளிற் கையாண்ட நேர அளவை முறையை வீட்டு வேலைக்குப் பொருத்தி 1913 இல் வெளியிட்ட நூலே லிஹொட்ஸ்கிக்கும் தூண்டுகோலாயிற்று. லிலியன் கில்பிரெத் என்னும் பொறியியலறிஞர், பன்னிரு பிள்ளைகளைப் பெற்ற தாய், அடுப்பும் நீர்த்தொட்டியும் உணவுப்பொருள் வைக்குமிடமும் ஒன்றற்கொன்று அண்மையில் அமைதல் வேண்டுமென்று காட்டினார். இம்மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மேற்படாமலும் இருத்தல் நன்று என்ற விதி அவ்வாராய்ச்சியின் வழிவந்ததே.

இவ்வளவைகளே நாளடைவில் தொழிற்சாலையின் அச்சுகளாயின. 60 சென்ரிமீற்றர் ஆழமுள்ள அடிப்பெட்டகம்; 32 மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் பக்கப்பலகையில் இட்ட துளைகள்; கதவுப் பிணைச்சலுக்கு 35 மில்லிமீற்றர்க் குழி. எந்நாட்டிற் செய்த பிணைச்சலும் எந்நாட்டுப் பெட்டகத்திற் பொருந்துவது இதனாலேதான். மேடையின் உயரமும் 85 முதல் 90 சென்ரிமீற்றர் என்று நிலைபெற்றது. ஆனால் அவ்வுயரம் மேல்நாட்டுப் பெண்களின் உடலை நினைத்து வகுத்தது. அங்கே அடுப்பும் மேடையோடு மட்டமாகப் பதிந்திருக்கும்.

இனி நம் அம்மையாரிடம் வருவோம். அவர் உயரம் 4 அடி 10 அங்குலம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடித்தால், நிலத்திலிருந்து முழங்கைக்கு 92 சென்ரிமீற்றர். அவர் வீட்டு மேடையோ 90. அதன் மேல் நம் வழக்கப்படி தூக்கி வைத்த எரிவாயு அடுப்பு, 12. அதன் மேற் சோற்றுப் பானை, 20. பானையின் வாய் 122 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கின்றது. முழங்கைக்கு ஓரடி மேலே! அகப்பையைப் பிடித்துக் கிளறுவதற்கு அவர் ஒவ்வொரு முறையும் தோளையே உயர்த்த வேண்டும். கடையில் அமைப்பாளர் காட்டிய நூறு படங்களுள் ஒன்றிலேனும் இந்தக் கணக்கு இல்லை. சுவரின் நீளத்தை அளந்தனர், சாளரத்தை அளந்தனர், சமைப்பவரை அளந்தாரில்லை.

நம் பழைய அடுக்களை இருந்து வேலை செய்வோர்க்காக அமைந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். நிலத்தில் அடுப்பு, திருவலையில் அமர்ந்து தேங்காய் திருவுதல், முழந்தாளிட்டு அம்மியில் அரைத்தல், கைக்கெட்டும் தூரத்திற் சுளகு, அரிக்கன்சட்டி, நீத்துப்பெட்டி. அடுப்பின் மேற் பறண்; அதிற் புகைபட்டுப் பூச்சி அண்டாது கிடக்கும் புளியும் விறகும். அதனைப் பொற்காலமென்று போற்ற நாம் முன்வரவில்லை. அப்புகை எத்தனை தாய்மாரின் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது என்பதை நாம் கண்டறிந்தவர்களே. சொல்ல வருவது, ஒரே தலைமுறையில் நம் பெண்கள் இருந்த நிலையை விட்டு நின்ற நிலைக்கு மாறினார்கள், அம்மாற்றத்துக்கு ஏற்ற அளவை எவரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்பதே.

அவ்வளவையை வீட்டிலேயே எடுக்கலாம். வெட்டும் மேடை முழங்கைக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் கீழே இருந்தாற் போதும். அடுப்பு வைக்கும் பகுதி அதனினும் ஒரு சாண் தாழ்ந்திருத்தல் வேண்டும். நடையையும் அளக்கலாம். சமையலறையின் படத்தை ஒரு தாளில் வரைந்து, காலைச் சமையலின்போது தாயார் செல்லுமிடமெல்லாம் பென்சிலாற் கோடு தொடர்ந்து இழுத்து வருதல் மாணவர்க்கு நல்லதொரு விடுமுறைப் பயிற்சி. நம் வீட்டில் இடியப்பமும் சொதியும் ஆக்கிய ஒரு காலையில் இதைச் செய்து பார்த்தோம். குளிர்சாதனப் பெட்டி கூடத்தில், எல்லாரும் காணும்படி, அலங்காரமாக நிற்கின்றது. அதற்கும் அடுப்புக்கும் இடையே மட்டும் பதினேழு கோடுகள்! பெட்டியை அன்றே உள்ளே நகர்த்தினோம். அதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

பலகையைப் பற்றியும் ஒரு சொல். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை விலையிற் குறைவு; வெட்டிய விளிம்பில் ஈரம் ஏறினால் அப்பமாக ஊதிவிடும். நீர்த்தொட்டியின் கீழே அதனை வைத்தல் வீண். அங்கே நீரைத் தாங்கும் பிளைவுட் நன்று. கறையான் நடமாடும் நம் மண்ணில், கொங்கிறீற்றுத் தட்டும் அலுமினியக் கதவும் அதனிலும் நன்று. கடற்கரையூர்களில் உப்புக்காற்று மலிவான பிணைச்சல்களை விரைவில் துருப்பிடிக்கச் செய்துவிடும்.

இதனினும் முக்கியமானது எரிவாயுச் சிலிண்டர். அழகு கெடுமென்று அதனைப் பெட்டகத்துள் வைத்துக் கதவை அடைத்துவிடுகின்றனர். அவ்வாயு காற்றிலும் பாரமானது; கசிந்தால் மேலெழாது, அடியிலே தேங்கி நிற்கும். 2021 இன் இறுதியில் நம் நாட்டில் அடுத்தடுத்து நேர்ந்த எரிவாயு வெடிப்புகளை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சிலிண்டர் வீட்டுக்கு வெளியே நிற்பதே சிறப்பு. இயலாவிடின், பெட்டகத்தின் அடிப்பகுதியிலேனும் காற்றுவழி வைத்தல் கட்டாயம். அடுத்த ஆண்டு, 2022 இல், எரிவாயு அடியோடு கிடைக்காதிருந்த மாதங்களில், புகைபோக்கி இல்லாத புது வீட்டார் முற்றத்திற் கல்வைத்துச் சமைத்ததையும் கண்டோம். புகைபோக்கியோடு ஒரு விறகடுப்பைப் பின்புறத்தே விட்டுவைத்தவர்களை அன்று ஊரார் பழமைவாதிகள் என்று நகைக்கவில்லை.

நாம் முன்னே சொன்ன வீட்டில், மகனோடு தொலைபேசியிற் பேசி, மேடையின் நான்கு அடி நீளத்தை உடைத்துத் தாழ்த்துவதென்று முடிவாயிற்று. கொத்தனார் வருமுன் அளவு வேண்டுமென்று சொல்லியிருந்தோம். நாம் போனபோது, பத்தாந் தரத்திற் பயிலும் பேத்தி, பாட்டியாரைச் சுவரோரமாக நிறுத்தி, முழங்கையிலிருந்து நிலம்வரை நாடாவைப் பிடித்து, எண்ணைப் பயிற்சிப் புத்தகத்திற் குறித்துக்கொண்டிருந்தாள். பாட்டியார் அசையாது நின்றவாறே கேட்டார்: "சட்டை தைக்கவோ பிள்ளை அளக்கிறாய்?"