காலைக் குளிரில் கிரீச்சிடும் பெல்ட்: தானாக நின்ற சத்தத்தை நம்பாதீர்கள்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் கிளப்பும்போது பலரும் கேட்கும் சத்தம் அது. தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லின் மேல் உறைபனி படர்ந்திருக்கும். இன்ஜின் பிடித்த மறுநொடி பானட்டுக்குள்ளிருந்து 'கிரீச்' என்று ஒரு கூச்சல். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். கீழே இறங்கி மெக்கானிக்கிடம் காட்டினால் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் சத்தம் வராது. "சூடானா போயிடும் சார், கண்டுக்காதீங்க" என்பார் ஒருவர். "எதுக்கும் பெல்ட்டை மாத்திடலாம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே காரணத்தைத் தேடாத பதில்கள். முதலாவது உங்கள் உயிரோடு விளையாடுகிறது, இரண்டாவது உங்கள் பணத்தோடு.

கிராங்க் புல்லியிலிருந்து ஓடும் ரப்பர் பெல்ட்தான் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. வண்டியைப் பொறுத்து ஏசி கம்ப்ரசர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப் ஆகியவையும் அதன் பொறுப்பு. பெல்ட் புல்லியைப் பிடிக்காமல் வழுக்கும்போதுதான் அந்தக் கிரீச் எழுகிறது. குளிரில் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறைகிறது. பனி ஈரமும் சேர்ந்துகொள்கிறது. பேட்டரியும் குளிரில் வலுவிழந்திருக்கும். செல்ஃப் எடுத்ததில் செலவான மின்சாரத்தை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் முழு வீச்சில் வேலை செய்யும். அப்போது அதைச் சுற்றவைப்பது பெல்ட்டுக்குக் கடினம். ஆல்டர்னேட்டரின் புல்லி சிறியது, பெல்ட் தழுவும் பரப்பும் குறைவு. அதனால் பெரும்பாலும் முதல் வழுக்கல் அங்கேதான். பேட்டரி கொஞ்சம் தேறியதும் சுமை இறங்குகிறது, ரப்பர் இளகுகிறது, சத்தம் நிற்கிறது. குறை அப்படியே இருக்கிறது. மழை ஈரத்தில் ஓரிரு நொடி கிரீச்சிட்டு நின்றால் கவலை வேண்டாம். ஒவ்வொரு குளிர்க் காலையிலும் வந்தால் பார்த்தே ஆக வேண்டும்.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? மீட்டரில் பேட்டரி விளக்கு எரியும். அந்தப் பெல்ட்டே வாட்டர் பம்பையும் ஓட்டும் வண்டி என்றால் வெப்ப முள் மளமளவென்று ஏறும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தாவிட்டால் ஹெட் கேஸ்கெட் போய்விடலாம். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் சட்டென்று கனத்துவிடும். இவற்றைவிட என்னை அஞ்சவைப்பது வேறொன்று. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் போனால் அதுவும் நின்றுவிடும். மிச்சமிருக்கும் வேக்குவம் சில மிதிகளுக்கே வரும். அதன் பிறகு பெடல் கல்லை மிதிப்பதுபோல இருக்கும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பயணிகளோடு இறங்கும் ஒரு ஜீப்பில் இது நடந்தால்? அப்படி ஆனால் பெடலை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். முழு பலத்தோடு ஒரே அழுத்தாக அழுத்தி, கியரைக் குறைத்து ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜினை ஓட்டத்தில் அணைக்க வேண்டாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே ஓரளவு பிரித்தறியலாம். கிரீச் வரும்போது ஹெட்லைட்டையும் பின்கண்ணாடி டீஃபாகரையும் போடுங்கள். சத்தம் கூடினால் ஆல்டர்னேட்டர், பேட்டரி பக்கம் பார்க்க வேண்டும். ஏசி போட்டதும் கூடினால் கம்ப்ரசர். ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது கூடினால் அதன் பம்ப். இழுத்தாற்போல் நீளும் கிரீச் பெல்ட் வழுக்குவதன் அடையாளம். 'கிச் கிச்' என்று தாளம் தப்பாமல் கேட்டால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லாதிருக்கலாம். 'கர்ர்' என்ற உறுமல் பேரிங் போனதைச் சொல்லும். இவற்றையெல்லாம் செல்போனில் வீடியோவாக எடுத்துவையுங்கள். ஒர்க்ஷாப்பில் வராத சத்தத்துக்கு அதுதான் சாட்சி.

இன்ஜின் ஓடும்போது பெல்ட்டை நெருங்கவே கூடாது. குளிருக்குச் சுற்றிய மஃப்ளர், துப்பட்டா, முந்தானை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எதையும் அது இழுத்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, ஆறவிட்டபின் டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட்டின் பள்ளப் பக்கம் மழமழவென்று பளபளக்கிறதா? புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கிறதா? ஆயிலோ கூலன்ட்டோ கசிந்து நனைத்திருக்கிறதா? வெடிப்பு இல்லை என்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. இப்போதைய பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆனவை. அவை எளிதில் வெடிப்பதில்லை, டயர்போலத் தேய்கின்றன. பள்ளங்கள் ஆழமாகி, பெல்ட் புல்லிக்குள் இறங்கி உட்காரும், பிடி தளரும்.

மிச்சத்தை மெக்கானிக் பார்க்கட்டும். ஓடும் பெல்ட்டின் பள்ளப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் சத்தம் கூடினால் டென்ஷன் போதவில்லை. கொஞ்ச நேரம் நின்று மறுபடி வந்தால் புல்லி கோணல். டென்ஷனர் ஸ்பிரிங், ஆல்டர்னேட்டர் புல்லி, பேட்டரி வோல்டேஜ் ஆகியவற்றையும் சோதித்த பிறகே பெல்ட்டில் கைவைக்க வேண்டும். சோப்பு தேய்ப்பதும் ஸ்ப்ரே அடிப்பதும் வைத்தியமே அல்ல. எச்சரிக்கையை அமுக்கிவிட்டுத் தூசியை ஒட்டவைக்கும். சத்தம் போக வேண்டுமென்று பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் பேரிங்குகள் கெடும்.

வண்டியை முந்தின நாள் மாலையே ஒர்க்ஷாப்பில் விட்டுவிடுங்கள்; காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது கேட்கச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் 'காலைக் குளிரில், கிளப்பியதும் பெல்ட் சத்தம்' என்று எழுதவையுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் பிறகு பேசவே வழியிருக்காது. மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள், கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். புதுப் பெல்ட்டின் உறையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை இருக்கின்றனவா என்று பாருங்கள். போலி உதிரிபாகத்துக்கு எதிரான முதல் சோதனை அது. வாரன்டிக் காலத்திலும் பெல்ட்டைத் தேயும் பொருள் என்று ஒதுக்குவது வழக்கம். ஆனால் கோளாறு டென்ஷனரிலோ ஆல்டர்னேட்டரிலோ இருந்தால் அந்தச் சாக்கு செல்லாமல் போகலாம். எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பணம் வாங்கிக்கொண்டு குறையைச் சரியாகப் பார்க்காமல் விடுவது சேவைக் குறைபாடு ஆகலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ஊட்டியில் வேலை செய்த ஒர்க்ஷாப் மீது மதுரையில் வசிப்பவர் மதுரையிலேயே புகார் தரலாம். வாடகை வண்டி என்பதால் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்: சொந்தப் பிழைப்புக்காகத் தானே வண்டி ஓட்டுபவரையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.