உங்களுக்குத் தெரியுமா? பாரம் கூடினால் தூரம் குறையும்!

🔹 உலகின் மிகப் பெரிய சரக்கு விமானமாக இருந்த அன்டனோவ் ஏஎன்-225, எரிபொருள் நிரப்புவதற்காக 2018 ஏப்ரலில் இலங்கையின் மத்தளை விமான நிலையத்தில் இறங்கியது. அவ்வளவு பெரிய விமானம் ஏன் இடையில் இறங்க வேண்டும்?

🔹 அதன் வெற்று எடை ஏறத்தாழ 285 தொன். மேலெழக்கூடிய உச்ச எடை 640 தொன். மீதி 355 தொன்னைச் சரக்கும் எரிபொருளும் பங்குபோட வேண்டும். சரக்கு 250 தொன் ஏற்றினால், எரிபொருளுக்கு மிஞ்சுவது 105 தொன் மட்டுமே.

🔹 200 தொன் சரக்குடன் அது பறக்கக்கூடிய தூரம் சுமார் 4,000 கிலோமீற்றர். சரக்கின்றி, தாங்கி நிறைந்த எரிபொருளுடன் சுமார் 15,000 கிலோமீற்றர்!

🔹 இன்று பறப்பவற்றில் போயிங் 747-8 சரக்கு விமானம் 130 தொன்னுக்கும் அதிகமாக ஏற்றி, ஏறக்குறைய 8,000 கிலோமீற்றர் செல்லும். போயிங் 777 சரக்கு விமானம் ஏற்றுவது சுமார் 100 தொன்தான். ஆனால் 9,000 கிலோமீற்றர் வரை பறக்கும்.

🔹 புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவின் மொத்த வியாபாரிகளின் கணக்கில் இந்த விமானச் சரக்கு எவ்வளவு? ஒரு கொள்கலனில் 25 தொன் வெங்காயம் என்று வைத்தால், 747-8 விமானம் சுமப்பது ஐந்தே கொள்கலன் சரக்கு. பக்கத்துக் கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களோ ஆயிரக்கணக்கான கொள்கலன்களைச் சுமப்பவை.

🔹 ஒன்றே ஒன்றாகக் கட்டப்பட்ட ஏஎன்-225, 2022இல் உக்ரைன் போரில் அழிந்தது. அதன் பாரச் சாதனையை இன்றுவரை எந்த விமானமும் முறியடிக்கவில்லை.