இடத்து மாடு இல்லாத வண்டி

கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் புது ஸ்போர்ட்ஸ் காரோடு ஊருக்கு வந்திருந்தானாம். பல வருடமாக ஓட்டுகிறவன், கைதேர்ந்தவன். அரவை சீசன் என்பதால் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்கள் சாலையின் இடப்பக்கம் வரிசைகட்டி நின்றிருந்தன. ஓட்டுகிறவனுக்குச் சந்தேகம் வந்து, இடப்பக்கம் எட்டி எட்டிப் பார்த்தபடியே அவற்றைக் கடந்திருக்கிறான். அப்படியும் டிரெய்லரில் துருத்திக்கொண்டிருந்த கரும்பு, இடது கதவு நெடுகக் கோடு கிழித்துவிட்டது. "என்னுடைய பழைய காரில் இந்த ரோட்டில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவன் காருக்கு மூக்கு நீளம், அதுதான் காரணமா?" என்று மாமா கேட்கிறார்.

மூக்கின் மேல் தப்பில்லை. தப்பு எட்டிப் பார்த்ததில் இருக்கிறது. நம்பச் சிரமமாக இருக்கும். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

காரின் இடது ஓரம் எங்கே போகிறது என்று கணிப்பதை டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்கள் ‘லெஃப்ட் ஜட்ஜ்மென்ட்’ என்பார்கள். "அது ஓட்ட ஓட்டத் தானா வரும்" என்பதோடு பாடம் முடிந்துவிடும். சிலர் மட்டும் ஒரு குறுக்குவழி சொல்லித் தருவார்கள்: ரோட்டின் இடது ஓரம் பானட்டின் நடுவில் வந்து முட்டுவதுபோலத் தெரிந்தால், இடது சக்கரம் அந்த ஓரத்தில்தான் போகிறது. புதிதாகக் கற்பவருக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும். இடது சக்கரம் இருப்பது காரின் இடது கோடியில், அடையாளம் மட்டும் எப்படி நடுவில் வருகிறது?

விடை, பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள். சாலை வடிவமைப்பில் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். பானட்டின் விளிம்பு 0.9 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கண்ணிலிருந்து கிளம்பும் பார்வைக்கோடு தரையைத் தொட 1.2 மீட்டர் இறங்க வேண்டும். பானட் விளிம்பைத் தாண்டும்போது அது இறங்கியிருப்பது 0.3 மீட்டர், அதாவது கால்பங்கு. இறக்கத்தில் கால்பங்கு என்றால் பக்கவாட்டிலும் கால்பங்குதான். உங்கள் கண்ணுக்கு இடப்பக்கம் 1.2 மீட்டர் தள்ளி இடது சக்கரம் ஓடுகிறது. அதன் தடம் பானட் விளிம்பில் தெரியும் இடம், உங்களுக்கு இடப்பக்கம் வெறும் 30 சென்டிமீட்டரில். நீங்கள் காரின் மையத்துக்கு வலப்பக்கம் ஏறத்தாழ அவ்வளவு தள்ளித்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? அதனால்தான் அடையாளம் நடுவில் விழுகிறது.

இந்தக் கணக்கில் என்னை மிகவும் கவர்ந்தது, அதில் இல்லாத ஒன்று. பானட் எவ்வளவு நீளம் என்ற கேள்வியே இதில் வரவில்லை. விளிம்பு கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தாலும் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தாலும், உயரங்கள் மாறாதவரை அந்த 30 சென்டிமீட்டர் மாறாது. மூக்கு நீண்டால் முன்னால் மறைகிற தரைதான் கூடும். மூக்கை விடுவித்துவிடலாம்.

இப்போது அக்கா மகன் செய்ததைப் பார்ப்போம். அடையாளம் பானட்டில் நிலையாக இருக்கிறது, தலை ஆடுகிறது. சாதாரணக் காரில் தலையை 5 சென்டிமீட்டர் இடப்பக்கம் சாய்த்தால், கண்ணுக்கும் அடையாளத்துக்கும் இடைவெளி 30-லிருந்து 25 ஆகும். நான்கால் பெருக்கினால் ஒரு மீட்டர். சாய்ந்த 5 சென்டிமீட்டரையும் சேர்த்தால் 1.05. முன்பு 1.20 மீட்டரைக் காட்டிய அதே அடையாளம் இப்போது 1.05-ஐக் காட்டுகிறது. அதை நம்பி ஓரம் கட்டினால் சக்கரம் 15 சென்டிமீட்டர் ஓரத்துக்கு வெளியே போய்விடும். கவனமாகப் பார்க்கச் சாய்ந்தவன்தான் உரசுவான்!

ஸ்போர்ட்ஸ் காரில் இந்தப் பெருக்கல் இன்னும் மோசம். இருக்கை தாழ்வு, கண் 1.05 மீட்டர் உயரத்தில், விளிம்பு 0.84-இல் என்று வைத்தால், பின்னம் கால் அல்ல, ஐந்தில் ஒன்று. 5 சென்டிமீட்டர் சாய்வு தரையில் 20 ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், பழைய காரில் பழகிய 30 சென்டிமீட்டர் அடையாளத்தையே பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான். ஐந்தால் பெருக்கினால் 1.5 மீட்டர். புதுக் காரின் இடது ஓரம் அவன் கண்ணிலிருந்து 1.3 மீட்டர்தான் என்றால், 20 சென்டிமீட்டர் உபரி. எட்டிப் பார்த்த 5 சென்டிமீட்டர் அந்த உபரியை முழுசாகத் தின்றுவிட்டது. போதாததற்கு, அவன் டிரெய்லரின் சக்கரத்தைப் பார்த்து இடம் கணித்திருப்பான். கரும்போ சக்கரத்தையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வலப்பக்கம் இந்த வம்பு அதிகம் தெரிவதில்லை. சந்தேகம் வந்தால் ஜன்னலை இறக்கித் தலையை நீட்டிச் சரிபார்க்கலாம். இடப்பக்கத்தில் சரியா தப்பா என்று சொல்ல ஒரே ஒரு ஆசிரியர்தான் உண்டு. அவர் பெயர் கீறல்.

நம் ஊர் மாட்டுவண்டியில் இந்தச் சிக்கல் இருந்ததே இல்லை. வண்டிக்காரர் நடுவில் உட்காருவார். இடப்பக்கம் இடத்து மாடு, வலப்பக்கம் வலத்து மாடு. நுகத்தடி புகுந்த இடத்தில் பெரும்பாலும் வண்டியும் புகும். இடத்து மாடு பள்ளத்தில் கால் வைக்காது, முள்வேலியை உரசாது, வண்டிக்காரர் தூங்கிப்போனாலும் வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும். ‘லேன் அசிஸ்ட்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைத் தவிடு, பிண்ணாக்கில் ஓட்டிய வண்டி அது. பிறகு லாரி வந்தது. இடத்து மாட்டின் வேலையைக் கிளீனர் எடுத்துக்கொண்டார். பலகையைத் தட்டி "வா, வா, வா… ஓல்டான்" என்று குரல் கொடுத்தார். காரில் அந்த இடத்தில் மனைவி உட்கார்ந்திருக்கிறார். அவர் எச்சரிக்கிறார், யாரும் கேட்பதில்லை. நூற்றுக்கணக்கில் குதிரைத்திறன் வாங்கியவருக்கு ஒரு மாட்டுத்திறன் இல்லாமல் போயிற்று.

நம் எல்லை எதுவரை என்று நாம் எப்படி உணர்கிறோம் என்ற ஆராய்ச்சியின் வரலாற்றையும் சொல்லாவிட்டால் பத்திரிகை ஆசிரியர் கோபித்துக்கொள்வார். 1911-இல் ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்ற இரு மருத்துவர்கள், தொப்பியில் இறகு செருகிய பெண்ணுக்கு உடம்பின் எல்லை இறகின் நுனிவரை நீள்கிறது என்று எழுதினார்கள். 1938-இல் ஜேம்ஸ் கிப்சனும் லாரன்ஸ் குரூக்ஸும், ஓட்டுநர் தன் முன்னே ‘பாதுகாப்பாகப் போகக்கூடிய வெளி’ ஒன்றை எப்போதும் கண்டுகொண்டே இருக்கிறார் என்றார்கள். 1996-இல் ஜப்பானில் அட்சுஷி இரிகி குழுவினர், கோலால் தீனியை இழுக்கப் பழகிய குரங்குகளின் மூளையில் சில நரம்பணுக்கள் கோலின் நீளத்தையும் கையோடு சேர்த்துக்கொள்வதைக் கண்டார்கள். போதும்.

இதைப் பிடித்துக்கொண்டு "பழகப் பழகக் காரே உங்கள் உடம்பாகிவிடும்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். குரங்கின் கையில் கோல் இருந்தது. கோல் தட்டினால் கைக்குத் தெரியும். காரின் இடது கதவு உங்கள் உடம்பில் எங்கேயும் படவில்லை. இறகு வைத்த பெண் கூட வாசற்படியில் இடித்து இடித்துத்தான் கற்றிருப்பார். தொப்பிக்கு அது கட்டுபடியாகும்.

"360 டிகிரி கேமரா இருக்கும்போது முக்கோணம் எதற்கு?" என்று கேட்பீர்கள். கார் நிறுத்த அது நல்ல கருவிதான். ஆனால் வானத்திலிருந்து பார்ப்பதுபோல அது காட்டும் படம் உண்மையில் யாரும் மேலிருந்து எடுத்ததல்ல. நான்கு பக்கக் கேமராக்களின் படங்களை, ‘தெரிவதெல்லாம் தட்டையான தரையில் கிடக்கிறது’ என்று வைத்துக்கொண்டு கணினி விரித்து ஒட்டுகிறது. தரைக்கோட்டுக்கு அது சரி. தரையிலிருந்து உயர்ந்து நிற்பது எதுவும் இருக்கும் இடத்தைவிடத் தள்ளி இருப்பதாகத் தெரியும். ஒரு மீட்டர் உயரக் கேமராவுக்கு, அரை மீட்டர் உயரத்தில் நீட்டும் குச்சி இரண்டு மடங்கு தொலைவில் விழும். கேமராவைவிட உயரத்தில் துருத்தும் கரும்புக்கு அந்தத் தரையில் இடமே கிடையாது. கரும்பு வண்டியைக் கடக்க அதை நம்புவது, கீறலைத் தவணை முறையில் வாங்குவது.

ஓரம் தெரியாத இந்தச் சிக்கல் கார் செய்பவர்களுக்கும் தெரியும். போர்ஷே 911-இல் முன்விளக்குகள் இருக்கும் இரு மேடுகளும் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிவதால், காரின் ஓரம் எது என்று சொல்வது சுலபம். 1992-இல் வந்த மெக்லாரன் எஃப்1 காரில் கார்டன் மர்ரே ஓட்டுநர் இருக்கையை நடுவிலேயே போட்டுவிட்டார், வண்டிக்காரர் மாதிரி. நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஓட்டிய ஃபார்முலா ஒன் காரும் அப்படித்தான். அங்கே இடப்பக்கப் பயணி என்று ஒருவரே இல்லை.

உங்கள் அக்கா மகனுக்கு அவ்வளவு செலவு வேண்டாம். கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை ஏறுவதற்கு முன், ஒரு காலி மைதானத்தில் கோலமாவால் நேராக ஒரு நீளக் கோடு போடச் சொல்லுங்கள். இடது சக்கரங்களின் வெளிப்பக்கம் அந்தக் கோட்டில் நிற்கும்படி காரை நிறுத்தட்டும். வெளியே ஒருவர் குனிந்து பார்த்துச் சொல்லட்டும். பிறகு இருக்கையில் முதுகு சாய்த்து, வழக்கமாக ஓட்டும்போது இருப்பதுபோல உட்கார்ந்து, அந்தக் கோடு எங்கே வந்து மறைகிறது என்று பார்க்கட்டும். பானட் கண்ணுக்குத் தெரியாத காராக இருந்தால் கண்ணாடியின் அடிவிளிம்பைப் பார்த்தால் போதும், கணக்கு அதேதான். அங்கே ஒரு சின்ன இன்சுலேஷன் டேப் துண்டு. மலைப்பாதையில் அது சக்கரத்தைக் காட்டும். கரும்பு வண்டியைக் கடக்கும்போது, கரும்பு நீட்டியிருக்கும் அளவைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டிலும் தலை ஆடக்கூடாது.

ஒன்று மறந்துவிடாதீர்கள். அவன் ஒட்டிய துண்டு அவன் உயரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். நீங்கள் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், மாமா, உங்களுக்கு வேறு டேப்.